கார்ன்: ஒரு சொல், பல தானியங்கள், ஒரு பஞ்சம்

மொழிபெயர்ப்பியல் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நேர்ந்தது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய ஒரு பத்தியைத் தமிழாக்கம் செய்யுமாறு முதுகலை மாணவர்களுக்குக் கொடுத்திருந்தோம். அதில் ‘கார்ன் லாஸ்’ என்றொரு தொடர் வந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் ‘சோளச் சட்டங்கள்’ என்று எழுதியிருந்தனர். இன்னும் நுட்பமாக எழுத விரும்பிய ஒருவர் ‘மக்காச்சோளச் சட்டங்கள்’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்துத் ‘தானியச் சட்டங்கள்’ என்று திருத்தினோம். மறுநாள் வகுப்பில், ஆசிரியர்களுக்கே உரிய பெருமிதத்துடன் விளக்கமும் அளித்தோம்: “கார்ன் என்றால் இங்கிலாந்தில் கோதுமை. அகராதியில் கண்ட முதற்பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?”

அந்தப் பெருமிதம் நீடிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைச் சிற்றிதழ் ஒன்றுக்காக மொழிபெயர்த்தோம். அதில் ‘இந்தியன் கார்ன்’ என்னும் தொடர் பலமுறை வந்தது. நாம் தயங்காமல் ‘இந்தியாவிலிருந்து வந்த தானியம்’ என்று எழுதினோம். கல்கத்தாவில் அயர்லாந்துக்காக நிதி திரட்டி அனுப்பினார்கள் என்று எங்கோ படித்திருந்தது அதற்குத் துணை நின்றது. நிதி அனுப்பியது மெய்தான். தானியம் அனுப்பியதாக நாம் எழுதியதுதான் பிழை. மெய்ப்பு பார்த்துத் தந்த வரலாற்றுத் துறை நண்பர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். “சார், அந்த இந்தியர் நாம் இல்லை” என்றார்.

மாணவர் செய்த பிழை ‘கார்ன்’ என்ற சொல்லில். நாம் செய்த பிழை அதற்கு முன் நின்ற அடைமொழியில். அன்றைக்குத் தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை. ‘கார்ன்’ மிக எளிய சொல். ஆங்கிலம் கற்கும் குழந்தைக்கும் தெரிந்த சொல். ஆயினும் அதன் பொருள் ஊருக்கு ஊர் மாறியது. அப்படி மாறிய இரு பொருள்கள் ஒரே நாட்டில், ஒரே பஞ்சத்தில், பசித்த மக்களின் கண்ணெதிரே ஒன்றையொன்று எதிர்ப்பட்டன.

வேரும் விளைச்சலும்

‘கார்ன்’ ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். இலத்தீன் மொழியின் ‘கிரானும்’ என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தது. அந்த இலத்தீன் சொல்லின் வழியே ஆங்கிலத்துக்கு வந்ததுதான் ‘கிரெயின்’. ஆகவே கார்னும் கிரெயினும் உடன்பிறப்புகள். ஒன்று வீட்டிலேயே வளர்ந்தது, மற்றொன்று பிரெஞ்சு வழியாகப் பின்னர் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ‘மணி’, அதாவது சிறு வித்து. நெல்மணி, கோதுமைமணி என்கிறோமே, அந்த மணி.

ஒரு பொதுச்சொல் அடைமொழி எதுவுமின்றி வழங்கும்போது, அது அவ்வூரின் தலையாய பயிரைக் குறிக்கத் தொடங்கும். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ‘கார்ன்’ கோதுமை ஆயிற்று. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஓட்ஸ் ஆயிற்று. ஜெர்மனியில் அதன் உறவுச்சொல்லான ‘கோர்ன்’ பல பகுதிகளில் ரை என்னும் புல்லரிசித் தானியத்தைக் குறித்தது. அட்லாண்டிக் கடலைக் கடந்த பின் அதே சொல் மக்காச்சோளம் ஆயிற்று. சொல் ஒன்றே, கேட்பவர் மனத்தில் எழும் வயல்தான் வேறு.

இது நமக்குப் புதிதன்று. ‘அரிசி’ என்றால் நாம் நெல்லரிசியையே நினைக்கிறோம். ஆனால் வரகரிசி, சாமையரிசி, தினையரிசி, மூங்கிலரிசி என்னும் வழக்குகள் இன்றும் உள்ளன. ஏலக்காயின் உள்ளே இருப்பதையும் ஏலரிசி என்பது பழைய வழக்கு. உமி நீக்கிய எந்த மணிக்கும் உரிய பொதுச்சொல்லே அரிசி. நெல் அதைத் தனக்கென எடுத்துக்கொண்டது. எறும்புப் புற்றில் சேர்ந்த புல்லரிசியை எயிற்றியர் அகழ்ந்தெடுத்துச் சமைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அங்கே ‘அரிசி’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் ‘புல்’ என்ற அடைமொழி அவர்களுடைய வாழ்நிலையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எந்தத் தானியத்துக்கு அடைமொழி தேவையில்லை, எதற்குத் தேவை என்று பார்த்தால், யாருடைய உணவு இயல்பான உணவாகக் கருதப்பட்டது என்பது புலப்படும். இக்கருத்தை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

மணியால் அளந்த உலகம்

சோளம் என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு ‘மணி’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால், ஆங்கிலத்தின் பல விளங்காத் தொடர்கள் தாமே விளங்கிவிடும். ‘கார்ன்ட் பீஃப்’ என்னும் உப்பிட்ட மாட்டிறைச்சியில் சோளம் ஒரு துளியும் இல்லை. இறைச்சியைப் பதப்படுத்தத் தூவிய கல்லுப்பின் பருமணிகளே அங்கே ‘கார்ன்’. வெடிமருந்தை ஈரப்படுத்தி, பிசைந்து, சிறு மணிகளாக உருட்டி உலர்த்தும் தொழிலுக்கும் ‘கார்னிங்’ என்றே பெயர். மாவாக இருந்த மருந்தைவிட மணியாக்கிய மருந்து சீராகவும் விரைவாகவும் எரிந்தது. ஐரோப்பியப் பீரங்கிகளின் வலிமை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாற்கோதுமை மணிக்கு ‘பார்லிகார்ன்’ என்று பெயர். இடைக்கால இங்கிலாந்தின் அளவைச் சட்டம், உலர்ந்த வாற்கோதுமை மணிகள் மூன்றின் நீளம் ஓர் அங்குலம் என்று வகுத்தது. பிரித்தானியக் காலணி அளவுகளில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு இன்றும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை மணி. எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று அளந்த மரபில் வந்த நமக்கு இது வியப்பளிக்காது. உழவர் கையில் எப்போதும் இருக்கும் அளவுகோல் தானியமணிதான்.

மிளகும் இந்தப் பட்டியலில் உண்டு. ‘பெப்பர்கார்ன்’ என்பது ஒரு மிளகு மணி. ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமே என்பதற்காகப் பெயரளவில் வாங்கும் வாடகையை ஆங்கிலச் சட்டமொழி ‘மிளகு மணி வாடகை’ என்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் விலை மிகுந்திருந்த நம் கடற்கரை மிளகு, மலிந்த பிறகு வெறும் பெயரளவுத் தொகைக்கு உவமையாயிற்று.

ஒலியால் ஒத்தும் உறவில்லாத சொற்களையும் இங்கே விலக்கிவிட வேண்டும். காலில் வரும் ஆணிக்கும் ‘கார்ன்’ என்றே பெயர். அது இலத்தீன் மொழியில் ‘கொம்பு’ எனப் பொருள்படும் ‘கார்னு’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. ஒற்றைக் கொம்புக் குதிரையான யுனிகார்னும், மூலையைக் குறிக்கும் ‘கார்னர்’ என்ற சொல்லும், கண்ணின் கார்னியாவும் அந்தக் கொம்பின் வழித்தோன்றல்களே. ஓக் மரத்தின் காய்க்கு ‘ஏகார்ன்’ என்று பெயர். அது தொடக்கத்தில் வேறு சொல்லாக இருந்து, மக்கள் அதையும் ஒரு வகைக் ‘கார்ன்’ என்று கருதியதால் எழுத்து மாறியது. பழகிய சொல் அருகிலிருக்கும் பழகாத சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது எல்லா மொழிக்கும் பொது.

இலக்கியம் கற்பிப்போர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ரூத் என்னும் பெண் வயலில் ‘கார்ன்’ கதிர் பொறுக்குகிறாள். மோவாப் நாட்டிலிருந்து மாமியாருடன் பெத்லகேமுக்கு வந்த கைம்பெண் அவள். கீட்ஸ் 1819இல் எழுதிய நைட்டிங்கேல் பாடலிலும் அதே ரூத் அயலார் கார்ன் வயலில் கண்ணீருடன் நிற்கிறாள். இந்த இடத்தில் ஆளுயர மக்காச்சோளத் தட்டைகளுக்கு நடுவே ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளும் மாணவர்கள் பலர். விவிலியம் தெளிவாகவே கூறுகிறது: அவள் பொறுக்கியது முதலில் வாற்கோதுமை, பின்பு கோதுமை. மக்காச்சோளத்தை அவளும் கண்டதில்லை, அவள் ஊராரும் கண்டதில்லை. அப்பயிர் அன்று உலகின் மறுபாதியில் மட்டுமே இருந்தது.

கடல் கடந்த சொல்

மக்காச்சோளத்தின் பிறப்பிடம் மெக்சிகோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே தியோசின்ட் என்னும் காட்டுப்புல்லைப் பழக்கி மக்கள் அதை உருவாக்கினர். 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த தைனோ மக்கள் வழங்கிய பெயரே ஸ்பானிய மொழியின் வழியாக ஆங்கிலத்தில் ‘மெய்ஸ்’ ஆயிற்று.

புதிய பயிருக்குப் பெயரிட ஐரோப்பியர் தடுமாறினர். தொலைவிலிருந்து வந்த எதையும் அன்று ‘துருக்கி’ என்று சொல்லிவிடுவது வழக்கம். இத்தாலியர் அதைத் துருக்கித் தானியம் என்றனர்; ஆங்கிலேயரும் துருக்கிக் கோதுமை என்றனர். 1597இல் மூலிகை நூல் எழுதிய ஜான் ஜெரார்டு, அது செரிமானத்துக்குக் கடினம், மனிதரைவிடப் பன்றிகளுக்கே ஏற்ற உணவு என்று கருதினார். நம் ‘மக்காச்சோளம்’ என்ற பெயரில் உள்ள ‘மக்கா’ அரபு நாட்டு நகரைச் சுட்டுவது என்று கொள்வோர் உண்டு. அது மெய்யாயின் நாமும் ஐரோப்பியரைப் போலவே நடந்திருக்கிறோம்: வந்த வழி தெரியாத பயிருக்குத் தெரிந்த ஓர் அயலூரின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அதை ‘இந்தியன் கார்ன்’ என்றனர். கொலம்பஸ் செய்த திசைப்பிழையால் ‘இந்தியர்’ என்று பெயர் பெற்றுவிட்ட அந்நாட்டுத் தொல்குடிகளின் தானியம் என்பது அதன் பொருள். நாம் வழுக்கி விழுந்த இடம் இதுவே. 1620ஆம் ஆண்டு நவம்பரில் மேஃபிளவர் கப்பலில் வந்தோர் கேப் காட் முனையில் இறங்கி உணவு தேடியபோது, மணலுக்கடியில் கூடைகளில் புதைத்து வைத்திருந்த மக்காச்சோளத்தைக் கண்டனர். தூக்க முடிந்த அளவு எடுத்துக்கொண்டனர். அவ்விடத்துக்குக் ‘கார்ன் ஹில்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மறு ஆண்டு அந்த விதைகளை நடுவது எப்படி, மீனை எருவாகப் புதைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர் திஸ்குவாண்டம் என்னும் தொல்குடி மனிதர்.

காலப்போக்கில் அமெரிக்க வழக்கில் ‘இந்தியன்’ என்ற அடைமொழி உதிர்ந்தது. ‘கார்ன்’ மட்டும் எஞ்சியது. குடியேறியவர்களுக்கு அது அன்றாட உணவாகிவிட்டதால் அடைமொழி தேவைப்படவில்லை. தானியம் அவர்களுடையதாயிற்று, அதைத் தந்தவர்களின் பெயர் சொல்லிலிருந்து நீங்கியது. நிலத்திலிருந்தும் அவர்கள் நீக்கப்பட்டனர் என்பதை வரலாறு சொல்லும்.

இன்று நம் மளிகைக் கடைகளில் வழங்கும் பாப்கார்ன், கார்ன்ஃப்ளேக்ஸ், ஸ்வீட்கார்ன் ஆகிய எல்லாம் இந்த அமெரிக்கப் பொருளின் வழியே வந்தவை. மாணவர் ‘சோளச் சட்டங்கள்’ என்று எழுதியது இதனால்தான். அவர் அறிந்த கார்ன் திரையரங்கில் விற்பது. அதில் அவர் குற்றம் என்ன?

சட்டத்தில் ஏறிய சொல்

இனி அந்தச் சட்டங்களைக் காண்போம். நெப்போலியனுடன் நிகழ்ந்த போர்கள் முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1815இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு தானிய இறக்குமதிச் சட்டம் இயற்றியது. உள்நாட்டுக் கோதுமையின் விலை ஒரு குவார்ட்டருக்கு, அதாவது எட்டு புஷெலுக்கு, 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடலாகாது என்றது அச்சட்டம். வாற்கோதுமைக்கு 40 ஷில்லிங், ஓட்ஸுக்கு 27 ஷில்லிங் என்று தனித்தனி வரம்புகள் இருந்தன. ரையும், அதனோடு பட்டாணியும் அவரையும்கூட ஒரு வரம்புக்குள் அடங்கின. ஆகச் சட்டத்தின் ‘கார்ன்’ பயறு வகைகளையும் உள்ளடக்கிய பெருஞ்சொல். அதில் மையப்பொருள் கோதுமை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் நிலவுடைமையாளர்கள். தானிய விலை குறைந்தால் அவர்களுடைய குத்தகை வருமானம் குறையும். அச்சட்டம் நிறைவேறும்போது இலண்டன் தெருக்களில் கலவரம் மூண்டது. படைவீரர் சூழ்ந்து காக்க உறுப்பினர்கள் வாக்களித்தனர். 1819இல் மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் திரண்ட மக்கள் ஏந்திய பதாகைகளில் தானியச் சட்ட எதிர்ப்பும் ஒரு முழக்கம். ஷெஃபீல்டு நகரின் எபினேசர் எலியட் 1831இல் அச்சட்டங்களை எதிர்த்து ஒரு கவிதைத் தொகுதியே வெளியிட்டார். 1839இல் மான்செஸ்டரில் உருவான தானியச் சட்ட எதிர்ப்புக் கழகம், ரிச்சர்டு காப்டன், ஜான் பிரைட் ஆகியோர் தலைமையில் நாடெங்கும் பரப்புரை செய்தது. அதே நோக்கத்துடன் 1843இல் ஜேம்ஸ் வில்சன் என்பவர் ‘எகனாமிஸ்ட்’ இதழைத் தொடங்கினார். இப்பெயரை மறவாதிருக்க வேண்டும். பின்னர் இவரை இந்தியாவில் சந்திப்போம்.

தொழிலாளியின் கூலியில் பெரும்பங்கு ரொட்டிக்கே சென்ற காலம் அது. எனவே ‘கார்ன்’ என்ற சொல்லுக்குள் நிலக்கிழாரின் குத்தகை, ஆலை முதலாளியின் இலாபம், தொழிலாளியின் வயிறு ஆகிய மூன்றும் அடங்கியிருந்தன. 1815இல் ரிக்கார்டோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் தானிய விலைக்கும் மூலதன இலாபத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியதே. அரசியல் பொருளாதாரம் என்னும் துறையின் இளமைக்காலம் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியே கழிந்தது.

இரு பொருளும் எதிர்ப்பட்ட இடம்

1845 இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் பரவியது. அந்நாட்டு ஏழை உழவரின் வாழ்க்கையை ஒரே தொடரில் சொல்லிவிடலாம்: குத்தகைக்குத் தானியம், வயிற்றுக்கு உருளைக்கிழங்கு. ஓட்ஸும் கோதுமையும் விளைந்தன. ஆனால் அவை விற்றுக் குத்தகைப் பணம் கட்டுவதற்கானவை. உண்பதற்குக் கிழங்கு மட்டுமே. கிழங்கு அழுகியபோது, வயலில் ‘கார்ன்’ நின்றும் வீட்டில் உணவில்லை என்ற நிலை உண்டாயிற்று.

தலைமையமைச்சர் சர் ராபர்ட் பீல் அந்த நவம்பரில் ஒரு முடிவெடுத்தார். பேரிங் பிரதர்ஸ் வணிக நிறுவனத்தின் வழியாக, ஒரு இலட்சம் பவுண்டு மதிப்புள்ள மக்காச்சோளத்தை அமெரிக்காவிலிருந்து கமுக்கமாக வாங்கச் செய்தார். கோதுமையையோ ஓட்ஸையோ ஏன் வாங்கவில்லை? மக்காச்சோளம் மலிவு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. பிரித்தானியத் தீவுகளில் மக்காச்சோளத்தில் நிலைபெற்ற வணிகம் இல்லை. ஆகவே அரசே அதை வாங்கி விற்றாலும் எந்தத் தனியார் வணிகரின் இலாபத்திலும் கைவைத்ததாகாது. வணிகர்களுக்கு உரிய ‘கார்ன்’ சந்தையில் அரசு நுழையலாகாது. யாருக்கும் உரியதல்லாத ‘இந்தியன் கார்ன்’ என்றால் நுழையலாம். ஓர் அடைமொழி ஒரு கொள்கையையே தாங்கி நின்றது.

1846ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கப்பல்கள் கார்க் துறைமுகத்தை அடைந்தன. துறைமுகத்தின் பெயர் கார்க். வந்த சரக்கு கார்ன். அந்த மணிகள் கல்போல் கடினமானவை. அயர்லாந்தின் ஆலைகள் ஓட்ஸ் அரைக்கப் பழகியவை. இதை இருமுறை அரைக்க வேண்டியிருந்தது. சரியாக அரைபடாததையும், வேகாததையும் உண்டவர்களுக்கு வயிற்றுவலியும் கழிச்சலும் கண்டன. மஞ்சள் நிறம் கண்டு மருண்ட மக்கள் அதற்குப் ‘பீலின் கந்தகம்’ என்று பெயர் வைத்தனர். சமைக்கும் முறையைச் சொல்லும் சிறு துண்டறிக்கைகள் அச்சிட்டு வழங்கப்பட்டன. ஒரு பவுண்டு எடை ஒரு பென்னிக்கு விற்கத் தொடங்கியபோது, வேறு வழியற்ற மக்கள் கிடங்குகளில் முண்டியடித்து வாங்கினர். அந்த முதல் ஆண்டில் சாவு பரவாமல் தடுத்ததில் பீலின் சோளத்துக்குப் பங்குண்டு என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புக்கொள்வர்.

தானியம் பயணம் செய்கிறது. அதன் அடுக்களை உடன் வருவதில்லை. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்பே அரைப்பர். தோல் எளிதில் கழலும், மாவு மென்மையாகும், சத்தும் உடலில் சேரும். இந்த அறிவு ஐரோப்பாவுக்கு வரவில்லை. சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஸ்பெயின், இத்தாலி ஏழைகளிடையே பதினெட்டாம் நூற்றாண்டில் பெலாக்ரா என்னும் கொடிய சத்துக்குறை நோய் பரவியது. ஸ்பானிய மருத்துவர் காஸ்பார் காசல் அந்நோயை 1735இல் விவரித்தார். பெயரை எடுத்துக்கொண்டவர்கள், விதையை எடுத்துக்கொண்டவர்கள், அதை உண்ணும் கலையைக் கேட்கவில்லை.

1846 ஜூன் மாதம் தானியச் சட்டங்களை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பிரபுக்கள் அவை அதற்கு ஒப்புதல் தந்த அதே இரவில் பீல் வேறொரு வாக்கெடுப்பில் தோற்றார். சில நாட்களில் பதவி விலகினார். சட்ட நீக்கமும் அன்றே பயன் தருவதாக இல்லை: கோதுமைக்கான வரி படிப்படியாகக் குறைந்து 1849 பிப்ரவரியில்தான் பெயரளவுக்கு வந்தது. அடுத்து வந்த ஜான் ரஸ்ஸலின் அரசு, உணவு வழங்கலைத் தனியார் வணிகரிடமே விடுவது என்று முடிவு செய்தது. நிவாரணப் பணிகளை இலண்டன் கருவூலத்திலிருந்து நடத்தியவர் சார்லஸ் டிரெவிலியன். அவர் 1846 கோடையில் சோளக் கிடங்குகளை மூடச் சொன்னார். அந்த ஆண்டுதான் உருளைக்கிழங்கு ஏறத்தாழ முழுவதும் அழிந்தது.

இங்கே ஒரு பொதுக் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்வது நேர்மை. அயர்லாந்தில் உணவு போதிய அளவு இருந்தது, ஏற்றுமதி ஒன்றே மக்களைக் கொன்றது என்று கூறுவர். 1847இல் இறக்குமதியான தானியம் ஏற்றுமதியானதைவிட மிகுதி என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. ஆனால் பசிக்குக் கணக்கு ஆண்டிறுதியில் முடிவதன்று. 1846 இலையுதிர் காலத்தில் ஓட்ஸ் ஏற்றிய கப்பல்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. சோளக் கப்பல்கள் பெருமளவில் வந்து சேர 1847 வசந்தம் ஆயிற்று. இடைப்பட்ட குளிர்காலத்தில் ‘கார்ன்’ போய்க்கொண்டிருந்தது; ‘இந்தியன் கார்ன்’ வந்தபாடில்லை. அந்த இடைவெளியில் மக்கள் மடிந்தனர். 1847 கோடையில் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தபோது, உச்சத்தில் நாளொன்றுக்குச் சுமார் 30 இலட்சம் பேர் அங்கே உண்டனர். முடியும் என்பதற்கு அதுவே சான்று. அதுவும் சில மாதங்களில் நிறுத்தப்பட்டது.

1841இல் சுமார் 81.7 இலட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851இல் 65.5 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். அவருள் பலர் சென்றடைந்தது, ‘கார்ன்’ என்றால் மக்காச்சோளம் என்று பொருள்படும் நாட்டுக்கு.

மதராசுக்கு வந்தவர்

டிரெவிலியனை நம் ஊரும் அறியும். 1859இல் அவர் மதராஸ் மாகாணத்தின் ஆளுநராக வந்தார். சென்னையின் மக்கள் பூங்காவை உருவாக்கியவர் அவரே. அதே ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் வைஸ்ராயின் அவையில் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1860இல் இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை அளித்து, வருமான வரியைக் கொண்டுவந்தார். டிரெவிலியன் அதை எதிர்த்தார்; தம் எதிர்ப்புக் குறிப்பைச் செய்தித்தாளிலும் வெளியிட்டார். அதனால் 1860இலேயே திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அவ்வாண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். டிரெவிலியன் சில ஆண்டுகளில் அதே நிதி உறுப்பினர் பதவிக்குத் திரும்பி வந்தார்.

தானியச் சட்டத்தை எதிர்க்க இதழ் நடத்தியவரும், அயர்லாந்தின் சோளக் கிடங்குகளை மூடியவரும் இந்திய மண்ணில் மோதிக்கொண்டது வரலாற்றின் விந்தை. ஒரு செய்தியில் மட்டும் அவர்களுடைய தலைமுறைக்குள் பெரிய வேற்றுமை இல்லை: தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற நம்பிக்கை. இலண்டன் தொழிலாளிக்கு ரொட்டி மலிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த கொள்கை அது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் 1876–78 பஞ்சத்தின்போது, வைஸ்ராய் லிட்டனின் ஆட்சி அதே கொள்கையை மதராஸ் மாகாணத்திலும் கடைப்பிடித்தது. நல்லதொரு முழக்கமும் ஊர் மாறும்போது பொருள் மாறும் போலும்.

அந்த இந்தியர் யார்?

நண்பர் பென்சிலால் கோடிட்ட அந்த வரிக்கு மீண்டும் வருவோம். அயர்லாந்துக்குச் சென்ற ‘இந்தியன் கார்ன்’ நம்முடையது அன்று. ஆயினும் அப்பெயரில் சுட்டப்பட்ட தொல்குடியினர் இக்கதையில் நேராகவே ஒருமுறை தோன்றுகின்றனர். சொக்டாவ் என்னும் மக்கள், மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்த தங்கள் தாயகத்திலிருந்து 1830களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசால் மேற்கே துரத்தப்பட்டவர்கள். வழியில் பசியாலும் குளிராலும் நோயாலும் பல்லாயிரவர் இறந்தனர். அந்தத் துயரம் ஆறாத 1847இல், கடலுக்கு அப்பால் அயர்லாந்தில் மக்கள் பட்டினியால் சாகின்றனர் என்று கேள்விப்பட்டு, அவர்கள் தங்களுக்குள் ஒரு சிறு தொகை திரட்டி அனுப்பினர். கார்க் மாவட்டத்தின் மிடில்டன் நகரில் அதன் நினைவாக எஃகு இறகுகள் ஒன்பது வட்டமாக வானோக்கி நிற்கின்றன. 2017இல் அது முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டபோது சொக்டாவ் மக்களின் பேராளர்களும் வந்திருந்தனர்.

‘இந்தியன் கார்ன்’ என்பதை ‘அமெரிக்க மக்காச்சோளம்’ என்று திருத்தி அச்சுக்கு அனுப்பியிருந்தோம். இன்று எழுத நேர்ந்தால் ‘அமெரிக்கத் தொல்குடிகளின் மக்காச்சோளம்’ என்றே எழுதுவோம். சற்று நீளம்தான், ஆனால் அந்த அடைமொழியில் ஒரு மக்கள் கூட்டம் நிற்கிறது.

மாணவரின் விடைத்தாளைப் பொறுத்தவரை, ‘சோளச் சட்டங்கள்’ பிழையே, அதில் மாற்றமில்லை. ஆனால் இப்போதெல்லாம் வெறுமனே சிவப்பு மையால் அடித்துவிடுவதில்லை. சொல்லைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, ஓரத்தில் இரண்டு வினாக்கள் எழுதுகிறோம்: எந்த ஊரில்? யாருடைய தட்டில்? நல்ல மாணவர் இந்த இரண்டையும் தேடிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறார். நமக்கு அது ஒரு பென்சில் கோட்டில் கிடைத்த பாடம்.